அடங்காத மாதிரிகள்

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று வீட்டில் யாராலும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. மாமியார் உறவுக்காரர்களிடம், "கம்ப்யூட்டர்ல ரத்தம் பாக்கறா" என்று சொல்லி வைத்திருந்தார். பல் வைத்தியரான கணவர் ஒரு படி மேலே போய், "நான் பல்லுல ஓட்டை தேடறேன், அவ பரம்பரையில ஓட்டை தேடறா" என்பார். இரண்டுமே முழுத் தப்பு இல்லை என்பதால் அவள் திருத்தப் போனதில்லை.

உண்மையில் அவள் ஒரு மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் மரபணுத் தகவல் குழுவின் தலைவி. நோயாளிகளின் ரத்தத்தில் எந்த மரபணு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று கணினியில் அலசிப் பார்த்து, 'இதைப் பிடித்துக் கட்டிப்போடுங்கள், நோய் அடங்கும்' என்று வேதியியல்காரர்களுக்குக் கைகாட்டுவது அந்தக் குழுவின் வேலை. காட்டிய திசை தப்பென்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் தப்பான ஊருக்குப் போய்ச் சேருவார்கள். அதனால் எதையும் சலித்துச் சலித்துத்தான் வெளியே விடுவாள். அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடையக்கா என்று பெயர் விழுந்தது அப்படித்தான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். ஒரு நாள் அவளே தன் காபிக் கோப்பையில் அந்தப் பெயரை எழுதி மேசைமேல் வைத்தாள். அதற்குப் பிறகு முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்த வாரம் குழு முழுக்க ஒரே உற்சாகம். தோள் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்து கடைசியில் கையைத் தூக்கவே முடியாமல் போகிற ஒரு நோய். அதற்கு மருந்து கிடையாது. பல காலம் தேடியபிறகு ஒரு மரபணு அகப்பட்டிருந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் அது விளக்குப் போல் எரிந்தது. ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் அணைந்து கிடந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் அதை முன்வைக்க வேண்டும். இயக்குநர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: இந்த முறையும் மருந்துக்கான இலக்கு கிடைக்காவிட்டால் இந்த நோயை மூட்டை கட்டி வைத்துவிட்டு அடுத்த நோய்க்குப் போய்விடுவோம் என்று.

திங்கட்கிழமை காலையில் மின்னல் திரையை அவள் பக்கம் திருப்பினான். மின்னல் என்பது குழுவில் இருந்த வேகக்காரனின் பட்டப்பெயர். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் விடையோடு நிற்பான். அவனுக்குப் பக்கத்து மேசை நத்தையுடையது. அவள் எதையும் மறுபடி மறுபடி சரிபார்க்காமல் வாய் திறக்கமாட்டாள்; பட்டப்பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டவள்.

"அக்கா, படம் ரெடி. சிவப்புப் புள்ளி எல்லாம் நோயாளிங்க, நீலம் எல்லாம் நல்லா இருக்கறவங்க. நடுவுல ஒரு தெருவே போடலாம், அவ்வளவு இடைவெளி!"

சல்லடையக்கா மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டுக்கொண்டாள். "நீலத்துக்கு நடுவுல கொஞ்சம் சிவப்பு உக்காந்திருக்கே. அவங்க யாரு, விருந்தாளிங்களா?"

"அது அடங்காத ரத்த மாதிரிங்க அக்கா. ட்யூப்ல ஏதோ கோளாறா இருக்கும். எடுத்துட்டா படம் பளிச்சுனு இருக்கும்."

"பளிச்சுனு இருக்கறதுக்கு நாம என்ன பாத்திரமா தேய்க்கறோம்?"

நத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மின்னல் காதைச் சொறிந்தான்.

"அடங்கின மாதிரி நாம எதிர்பார்த்ததைத்தான் சொல்லும்" என்றாள் சல்லடையக்கா. "அடங்காததுகிட்டதான் புதுசா ஏதாவது சேதி இருக்கும். வெளியில தள்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை விசாரிச்சுடுங்க. பாவம், அதுவும் ஒரு மனுஷனோட ரத்தம்தானே."

நத்தை மறுநாள் மதியம் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"வயசு, சாப்பிடற மருந்து, ஆணா பெண்ணா, எதுவும் ஒத்துப்போகலை அக்கா. ஒண்ணே ஒண்ணுதான் ஒத்துப்போகுது. அடங்காதது எல்லாமே அந்தந்தக் காலையில கடைசியா எடுத்த ரத்தம்."

"சரி."

"இன்னொண்ணும் இருக்கு. ஒரு அம்மா பல தடவை வந்து ரத்தம் குடுத்திருக்காங்க. சீக்கிரம் வந்த அன்னிக்கெல்லாம் அந்த ஜீன் எரியுது. ஒரே ஒரு நாள் லேட்டா வந்திருக்காங்க. அன்னிக்கு அணைஞ்சு கிடக்கு."

"அப்போ அந்த நோய் லேட்டா வந்தா லீவு போட்டுடுமா?"

யாரும் சிரிக்கவில்லை. நோய் இப்படி நடந்துகொள்ளாது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

நோயாளிகளின் ரத்தம் முழுவதும் ஒரே மருத்துவமனையில் எடுத்தது. ஆரோக்கியமானவர்களின் ரத்தம் முழுவதும் நிறுவனத்தின் முதலுதவி அறையில், ஊழியர்களிடமே எடுத்தது. வெறும் வயிறு, ஒரே மாதிரி ஊசி, ஒரே மாதிரி ட்யூப் என்று தாளில் எல்லாம் சரியாக இருந்தது. ரத்தம் எடுக்கிற இடத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வருவது சல்லடையக்காவின் பழக்கம். ஆனால் இந்த மருத்துவமனை அவள் தலைவியாக வருவதற்கு முன்பே சேர்ந்தது. முன்பிருந்தவர்கள் பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

"நாளைக்குக் காலையில நான் அங்க போறேன்" என்றாள்.

"மெயில் போட்டுக் கேட்டுடலாமே அக்கா?" என்றான் மின்னல்.

"மெயில்ல கேட்டா, மெயில்ல எழுதற பதில்தான் வரும்."

சாயங்காலம் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கணவர் முழுக் கதையையும் கேட்டார். "வெள்ளிக்கிழமை கூட்டம். நாளைக்குப் போய் உன் கண்டுபிடிப்புலயே ஓட்டை தேடப் போறியா? ஓட்டை இருந்துட்டா?"

"சொல்லிடுவேன்."

"இல்லேன்னா?"

"இன்னும் நல்லாத் தேடுவேன்."

"நல்லவேளை நீ பல் வைத்தியம் படிக்கலை. ஒரு பல்லைப் பாக்க ஒரு வருஷம் வாயைத் திறந்து வெச்சிருப்ப."

மறுநாள் விடிந்ததும் அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். ரத்தம் எடுக்கிற இடத்துக்குப் போவதென்றால் நோயாளி எப்படிப் போவாரோ அப்படியே போகவேண்டும் என்பது அவள் கணக்கு. வாசற்கதவைப் பூட்டுவதற்கு முன் தினமும் போலக் கண்ணை மூடி ஒரு நொடி நின்றாள். அவளுடைய பிரார்த்தனை எப்போதுமே சின்னதுதான்: 'கடவுளே, உண்மையைக் காட்டு. எனக்குப் பிடிக்காததா இருந்தாலும் காட்டு.'

இரண்டு பஸ் மாறி இறங்கினாள். மருத்துவமனையின் பின்பக்க நடையில், தோள் உயரம்வரை பச்சை வர்ணம் அடித்த சுவரை ஒட்டி ஒரு நீள பெஞ்சு. அதில் ஏற்கெனவே வரிசையாக ஆட்கள். யாரும் கையைத் தூக்கி வணக்கம் வைக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்கள். தூக்க முடியாது என்பது ஒரு நொடி கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை காலம் திரையில் சிவப்புப் புள்ளிகளாகப் பார்த்தவர்கள் இவர்கள்தான். சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார்.

பெரிய டாக்டரிடம் மட்டும் போனில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதனால் காதோரம் பேனா செருகியிருந்த நர்ஸ் அவளையும் ஒரு நோயாளி என்றே நினைத்துக்கொண்டாள்.

"புதுசா? வெறும் வயித்தோடதானே வந்தீங்க?"

"ஆமாம்மா."

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு பஸ்."

"அடக் கடவுளே. சாய்ஞ்சு உக்காருங்க, இதோ வந்துட்டேன்."

நர்ஸ் உள்ளே போய்விட்டு வந்தாள். கையில் ஒரு டம்ளர் சூடான பாலும் இரண்டு பிஸ்கட்டும்.

சல்லடையக்கா டம்ளரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் சூடு பரவியது. அந்தச் சூட்டோடு விடையும் வந்து சேர்ந்துவிட்டது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எல்லோரிடமும் ஒரு டம்ளர். சால்வை அம்மாவுக்குத் தூக்கிக் குடிக்க முடியவில்லை. நர்ஸ் குனிந்து டம்ளரை அவர் உதட்டில் வைத்துப் பிடித்தாள். வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்த ஒருவருக்குப் பாத்திரத்தில் பால் மிச்சம் இல்லை. "லேட்டா வந்தா இப்படித்தான், ஏமாந்தீங்க" என்று கேலி செய்தபடி நர்ஸ் அவரை நேராக ஊசி போடும் நாற்காலிக்கே கூட்டிப்போனாள்.

கூட்டம் குறைந்தபிறகு சல்லடையக்கா உள்ளே போய்த் தான் யார் என்று சொன்னாள். சின்ன அறை. ஊசிகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் மின்சார அடுப்பு, அதன்மேல் கழுவிக் கவிழ்த்த பால் பாத்திரம்.

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே பால் குடுத்துடறீங்களா?"

"ஆமா மேடம். முன்ன ஒரு தடவை ஒருத்தர் பெஞ்சிலேயே மயங்கி விழுந்துட்டாரு. நமக்குன்னா கையை ஊனிக்குவோம். இவங்க விழுந்தா நேரா முகம்தான் தரையில. அன்னிக்குப் பிடிச்சு பால் காய்ச்சறேன்."

"வெறும் வயிறா இருக்கணும்னு சொல்லியிருப்பாங்களே?"

"அது சர்க்கரை பாக்கறவங்களுக்குன்னு நினைச்சேன். நீங்க பாக்கறது ஜீன் இல்லையா? அம்மா வயித்துலயே எழுதி வெச்சது. ஒரு டம்ளர் பாலுக்கா மாறிடப் போகுது?"

சல்லடையக்கா சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி. கோட்டும் டையுமாகக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களே அவளிடம் கேட்டிருக்கிறார்கள்.

"ஜீன் மாறாதும்மா. உங்க வீட்டுல அறையெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஆனா எந்த அறையில விளக்கு எரியுதுங்கறது நேரத்துக்கு நேரம் மாறும் இல்லையா? நாங்க எண்ணறது விளக்கை. வயித்துக்குள்ள பால் போச்சுன்னா சில அறையில விளக்கைப் போட்டுடும். அந்த விளக்கைப் பாத்துட்டு, அதுதான் நோய்னு நாங்க நினைச்சுட்டோம்."

நர்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். காதோரத்துப் பேனாவை எடுத்துக் கையில் உருட்டினாள்.

"அப்போ இத்தனை நாளும் நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன். என்னை வேற இடத்துக்கு மாத்தினா மாத்தட்டும் மேடம். இவங்களுக்கு மருந்து வராம போயிடுமா? அதைச் சொல்லுங்க."

தன் வேலையைப் பற்றிப் பயப்படவேண்டிய நேரத்தில் பெஞ்சில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்கிறாளே என்று சல்லடையக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. அதோடு கூட, அவளுக்குள் இருந்த சல்லடையும் வேலை செய்யத் தொடங்கியது.

"ஒண்ணு கேக்கறேன். இத்தனை தடவை ரத்தம் எடுத்தீங்களே, நடுவுல எத்தனை பேர் வராம நின்னுட்டாங்க?"

"நின்னுட்டாங்களா? யாரும் நிக்கலையே. கொட்டற மழையிலகூட வந்தாங்க. வரலைன்னா நான் விடுவேனா? போன் போட்டு, பால் ஆறிப்போகுதுன்னு சொல்வேன்."

சல்லடையக்கா மூச்சை இழுத்து விட்டாள். அவளுடைய அனுபவத்தில் இப்படி ஓர் இடமே கிடையாது. தூரம், ஊசி, கையில் மருந்து என்று எதுவும் கிடைக்காத சலிப்பு. வேறு நோய்களுக்கு ரத்தம் எடுக்கிற மற்ற மருத்துவமனைகளில் பாதிப் பேர் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். இங்கே ஒருவர்கூட நிற்கவில்லை. அதே ஆட்கள், பால் குடித்த நாளும் உண்டு, குடிக்காத நாளும் உண்டு. கணக்கைக் கெடுத்தது எந்தப் பாலோ, அதைச் சரிசெய்ய ஆட்களைக் கட்டிக் காத்து வைத்திருப்பதும் அதே பால்தான்.

"கூட்டத்துல உங்களைப் பத்திப் பேச்சு வரும்" என்றாள் எழுந்து நின்று. "ஆனா நீங்க பயப்படற மாதிரி இல்லை. மருந்துக்கான தேடல் நிக்கக் கூடாதுன்னுதான் நானும் பாக்கறேன். நீங்க பாலை நிறுத்தாதீங்க. முதல்ல ஊசி, அப்புறம் பால். அவ்வளவுதான்."

"இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்து பாக்காதது எங்க தப்பும்மா."

நிறுவனத்துக்குத் திரும்பியவள் தன் அறைக்குப் போகவில்லை. நேராக வேதியியல் பிரிவின் தலைவரிடம் போனாள். அவருக்குக் கொதிகலன் என்று பெயர். ஏன் என்று கேட்கவே வேண்டாம், மாடிப்படி ஏறும்போதே குரல் கேட்கும். புது மரபணுவுக்காக ஒரு முழு மேசையை ஒழித்து, துடைத்து, தயாராக வைத்திருந்தார்.

"பாலா?" என்றார்.

"பால்."

"மாட்டுப் பாலா?"

"மாட்டை நான் விசாரிக்கலை."

"அப்போ என் ஆளுங்க எல்லாம் வருஷக்கணக்கா உக்காந்து காலைச் சாப்பாட்டுக்கு மருந்து கண்டுபிடிச்சிருப்பாங்க!" கண்ணாடிக் குடுவைகள் அதிர்ந்தன. பக்கத்து மேசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, தன்னால் முடிந்தவரை குரலைத் தாழ்த்தினார். "வேற யாருக்குத் தெரியும்?"

"என் ஆளுங்களுக்குத் தெரியப்போகுது."

"வெள்ளிக்கிழமை தாண்டட்டும். இதுதான் இலக்குன்னு சொல்லிடு. திட்டம் பிழைச்சுக்கும். அப்புறம் மெதுவா வேற ஜீனுக்கு மாத்திக்கலாம். இப்போ சொன்னா மூடிடுவாங்க தாயே."

கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. அந்த நோயாளிகளைக் கைவிட அவருக்கும் மனசில்லை.

"நோயாளியைக் காப்பாத்தறேன்னு அவங்களைப் பத்தியே பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றாள். "அந்தப் பொய்யும் உங்க ஆளுங்க கையிலதான் வந்து விழும். அதுக்குத்தான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்."

கொதிகலன் மேசையைப் பார்த்தார். "அப்போ வெறுங்கையோடவா கூட்டத்துக்குப் போவ?"

"வெறுங்கை இல்லை. வாங்க, காட்டறேன்."

அன்றும் மறுநாளும் குழு தலை நிமிரவில்லை. ஒவ்வொரு ஆளையும் அவரோடேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: பால் குடித்த நாள், குடிக்காத நாள். பாலால் எரிந்த விளக்குகளைக் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்தான் மின்னல். நத்தை அவன் பின்னாலேயே போய், அணைந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்கு அந்தப் புள்ளிங்களை எடுத்திருந்தேன்னா..." என்று ஆரம்பித்தான் மின்னல்.

"எடுக்கலை இல்ல? வேலையைப் பாரு" என்றாள் சல்லடையக்கா.

எல்லாம் அணைந்தபிறகு ஒன்று மிச்சம் இருந்தது. வேறொரு மரபணு. பெரிய வெளிச்சம் இல்லை, அகல் விளக்கின் திரிபோல ஒரு சின்னச் சுடர். ஆனால் சீக்கிரம் வந்தாலும் லேட்டாக வந்தாலும், பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், பெஞ்சில் இருந்த எல்லோரிடமும் அது அசையாமல் எரிந்தது. நத்தை அதை ஆளுக்கு ஆள் சரிபார்த்துவிட்டு, வாயைத் திறந்து ஒரே வார்த்தை சொன்னாள்: "இருக்கு."

வெள்ளிக்கிழமை சல்லடையக்கா சுற்றி வளைக்கவில்லை. "நாங்க கண்டுபிடிச்ச ஜீன் நோயோடது இல்லை. நோயாளிங்க காலையில குடிச்ச பாலோடது" என்றுதான் ஆரம்பித்தாள்.

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாலை யார் குடுத்தது?" என்றார் இயக்குநர்.

அவள் அடுத்த படத்தைப் போட்டாள்: ஒவ்வொரு மருத்துவமனையிலும் எத்தனை நோயாளிகள் விடாமல் வந்தார்கள் என்ற கணக்கு. மற்ற மருத்துவமனைகளின் கோடுகள் படிக்கட்டுப் போல் இறங்கிக்கொண்டே போயின. இந்த மருத்துவமனையின் கோடு மேசைப் பலகை போல் சமமாக இருந்தது. "ஒரு நர்ஸ். அவங்க குடுத்தது பாலோட நிக்கலை. இதையும் குடுத்திருக்காங்க. ஒரு ஆள்கூட விலகாத இடம் நமக்கு வேற எங்கயும் இல்லை." சின்னச் சுடரையும் காட்டினாள். அதுதான் இலக்கு என்று சொல்லவில்லை. ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேறு இடத்தில் எடுத்தது என்பதால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் தானே சொன்னாள். "இன்னொரு சுற்று வேணும். அதே ஆளுங்க, அதே பெஞ்சு. நல்லா இருக்கறவங்களும் அதே பெஞ்சுல வந்து உக்காரணும். இந்தச் சுடர் நிஜம்னா அப்பவும் எரியும். இல்லேன்னா நானே வந்து மூடிடலாம்னு சொல்றேன்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த முறை இலக்கு இல்லேன்னா மூடறதுன்னுதானே பேச்சு?"

மூலையில் ஒரு தொண்டை கனைத்தது. கொதிகலன்.

"இந்த அம்மா சும்மா இருந்திருந்தா நான் பாலுக்கு மருந்து செஞ்சுட்டு இருந்திருப்பேன். அதைக் கூட்டத்துல வந்து போட்டு உடைக்காம, முதல்ல என்கிட்ட வந்து சொன்னாங்க. இப்படிப்பட்டவங்க காட்டற சின்ன வெளிச்சத்தை நம்பி நான் காத்திருக்கத் தயார். மேசை ஒழிஞ்சுதான் இருக்கு. சும்மா உக்காந்திருக்கேன்."

"நீங்க சும்மா உக்காந்து நான் பார்த்ததே இல்லையே" என்றார் இயக்குநர்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கும்போது இயக்குநர் அந்தச் சமமான கோட்டை இன்னொரு முறை பார்த்தார். "சரி. இன்னொரு சுற்று. அந்த நர்ஸை யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்."

புதுச் சுற்றின் முதல் காலையில் பச்சைச் சுவர் ஓரத்து பெஞ்சில் இடம் போதவில்லை. நிறுவனத்து ஆட்கள் இரண்டு பஸ் மாறி, வெறும் வயிற்றோடு வந்து நோயாளிகளுக்கு நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மின்னல் முதல் ஆளாகக் கையை நீட்டினான். நத்தை ட்யூப்பில் ஒட்டியிருந்த சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நீட்டினாள். கொதிகலன் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நாள் முழுக்க ஆசிட்டோட பழகறவர், ஊசிக்குப் பயமா சார்?" என்றாள் நர்ஸ்.

"ஆசிட் என்னைத் தேடி வராதேம்மா."

பெஞ்சு குலுங்கிச் சிரித்தது. அவர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளிறிப்போய் வந்து சால்வை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊசி முடிந்தவர்களுக்குப் பால் வந்தது. அவர் தன் டம்ளரை ஆவலோடு எடுத்து வாயருகே கொண்டுபோனார். அப்போதுதான் பக்கத்தில் பார்த்தார். சால்வை அம்மாவின் டம்ளர் பெஞ்சின்மேல் அப்படியே ஆவி பறக்க இருந்தது. அந்த அம்மா, நர்ஸ் எப்போது வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸின் கை இன்னொருவரின் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தது.

கொதிகலன் தன் டம்ளரைக் கீழே வைத்தார். அந்த அம்மாவின் டம்ளரை எடுத்து, அவர் உதட்டருகே பிடித்தார்.

"மெதுவா. சூடா இருக்கு" என்றார். அந்தக் குரலை அவ்வளவு தாழ்வாகச் சல்லடையக்கா அதுவரை கேட்டதில்லை.

"அடுத்தது யாரு?" என்று உள்ளிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

சல்லடையக்கா கையை மடித்து விட்டுக்கொண்டு எழுந்தாள்.